மேகத்துக்குள் கார் ஓட்டுதல்: மூடுபனி விளக்கும் டிரைவிங் விளக்கும்

அதிகாலை நான்கு மணிக்குப் போடிநாயக்கனூரில் வானம் நிறைய நட்சத்திரங்கள் இருக்கும். முந்தலைத் தாண்டி மலை ஏறத் தொடங்கும்போதும் சாலை தெளிவாகவே தெரியும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் ஏறியபின், ஏதோ ஒரு வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பி நிமிர்ந்தால், முன்கண்ணாடிக்கு வெளியே ஈர வேட்டியைக் காயப்போட்டதுபோல் எல்லாம் வெள்ளையாகிவிடும். தடுப்புச் சுவர் தெரியாது. முன்னால் போன ஜீப்பின் சிவப்பு விளக்கும் தெரியாது.

அந்த நொடியில் பெரும்பாலோர் பதறிப்போய் பிரைட் விளக்கைப் போடுகிறார்கள். வெள்ளை இன்னும் கெட்டியாகிறது. நானும் அப்படிச் செய்தவன்தான். ஏலக்காய்த் தோட்ட வேலையாக இந்தச் சாலையில் வாரம் இரண்டு முறையாவது ஏறி இறங்குகிற பழக்கத்தில், விளக்குகளைப் பற்றி நான் கற்றுக்கொண்டதைப் புதிதாக ஓட்டுபவர்களுக்கு எழுதுகிறேன். கம்பம், லோயர் கேம்ப் வழியாகக் குமுளி ஏறுபவர்களுக்கும், கம்பம்மெட்டு வழியாக நெடுங்கண்டம் போகிறவர்களுக்கும், செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு பக்கம் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இங்கே வருவது சமவெளியின் மார்கழிப் பனி இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு மலையின் மேற்குச் சரிவில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகிறது. அந்த மேகத்தின் அடிப்பகுதி மலையின் உச்சி விளிம்பில் உட்கார்ந்துகொள்கிறது. நாம் அதற்குள் ஏறிப் போகிறோம். அதனால்தான் ஆடி மாதத்தில் போடியில் வறண்ட காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருக்கும்போது மலை உச்சியில் இருக்கும் போடிமெட்டில் கை நீட்டினால் விரல் நனைகிறது. இந்தப் பக்கம் 'மேகம் இறங்கிவிட்டது' என்பார்கள். பூப்பாறைப் பக்கம் மலையாளத்தில் 'மஞ்ஞு' என்பார்கள். பழந்தமிழில் மஞ்சு என்றால் மேகம்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது மேகம் நம் பக்கச் சரிவிலும் படியும். தை மாத விடியலில் தேவிகுளம், பூப்பாறைப் பள்ளங்களில் தேங்கி நிற்கும் பனி வேறு வகை. அது வெயில் ஏறினால் கலைந்துவிடும்.

மலை மேகத்தின் குணம் ஒன்றை மனத்தில் வையுங்கள். அது ஒரே சீராக இருக்காது. ஒரு வளைவில் கெட்டியாக இருக்கும், அடுத்த வளைவில் சுத்தமாக விலகியிருக்கும், மூன்றாவதில் மறுபடி மூடும். ஆகவே விளக்கு வாங்குவதைவிட, எதை எப்போது போட்டு எப்போது அணைப்பது என்று கைக்குப் பழக்குவதுதான் பெரிய வேலை.

முதலில், இருக்கிற விளக்கைத் துடையுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். ஐந்தாறு வருடம் வெயில் பட்ட காரின் முகப்பு விளக்கு மூடி மஞ்சளித்து மங்கியிருக்கும். இப்போதைய கார்களில் அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதைத் தேய்த்து மெருகேற்றிக் கொடுக்கிறார்கள். அதைச் செய்தாலே பாதி வெளிச்சம் திரும்பி வந்ததுபோல் இருக்கும். மங்கிய மூடி வெளிச்சத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை. ஒளியை நாலாபக்கமும் சிதறடித்து, எதிரில் வருபவர் கண்ணைக் கூசவைக்கிறது, மூடுபனியில் நம் கண்ணையும் கூசவைக்கிறது.

முன்கண்ணாடியின் உட்பக்கத்தைத் துடையுங்கள். பலரும் வெளிப்பக்கத்தை மட்டும் துடைக்கிறார்கள். உள்ளே படிந்திருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல்தான் மூச்சுக்காற்றின் ஈரம் படிகிறது. மலையில் 'மூடுபனி' என்று நாம் திணறுவதில் கொஞ்சம் நம் கண்ணாடியிலேயே இருக்கிறது. ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் வையுங்கள். காருக்குள் காற்று சுழலும் நிலையில் வைத்தால், நான்கு பேர் மூச்சுவிடும் காரில் கண்ணாடி ஐந்து நிமிடத்தில் மங்கிவிடும்.

வைப்பர் ரப்பரையும் பாருங்கள். அது கோடு கோடாகத் தண்ணீரை விட்டுச் சென்றால் எந்த விளக்கும் பயன் தராது.

இரண்டு விளக்கு, நேர் எதிரான இரண்டு வேலை

மூடுபனி விளக்கு, அதாவது ஃபாக் லைட், பக்கத்தில் இருப்பதைக் காட்டுவது. அதன் ஒளிக்கற்றை அகலமாக, தட்டையாக, பாய் விரித்ததுபோல் சாலையில் படியும். மேல் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கவேண்டும். அந்த விளிம்புக்கு மேல் வெளிச்சம் போகக்கூடாது. இருபது முப்பது மீட்டருக்குள் சாலையோரக் கோடு, கல், தடுப்புச் சுவரின் அடிப்பகுதி ஆகியவை தெரிந்தால் அது தன் வேலையைச் செய்துவிட்டது.

டிரைவிங் விளக்கு தூரத்தைக் காட்டுவது. குறுகலான ஒளிக்கற்றை வெகுதூரம் பாயும். பிரைட் விளக்குக்குத் துணையாக, எதிரில் யாரும் இல்லாத நேரான சாலையில் மட்டும் எரியவேண்டிய விளக்கு. மூடுபனியில் அதைப் போடுவது மிக மோசமான செயல்.

ஏன் என்று புரிந்துகொண்டால் எப்போதும் மறக்காது. மூடுபனி என்பது மிதக்கும் நீர்த்துளிகள். ஒரு துளியின் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒவ்வொரு துளியும் தன்மேல் விழும் ஒளியைச் சிதறடிக்கிறது. அதில் ஒரு பகுதி நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. நாம் பார்க்கிற அந்த வெள்ளைச் சுவர் நம் விளக்கின் ஒளியேதான். விளக்கு நம் கண்ணுக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு நேராக இருக்கிறதோ, அவ்வளவு அதிகமாகத் திரும்பி வரும். ஆகவேதான் மூடுபனி விளக்கைப் பம்பரின் அடிப்பகுதியில் வைக்கிறார்கள். நம் பார்வை மேலே போகிறது, ஒளி கீழே போகிறது. நடுவில் இருக்கும் பனி அதிகம் வெளிச்சமாகாமல் இருட்டாகவே இருக்கிறது. அந்த இருட்டின் வழியாகத்தான் நாம் சாலையைப் பார்க்கிறோம்.

இதிலிருந்து என் முதல் பரிந்துரை: போடிமெட்டு, குமுளி மலைப்பாதைகளுக்காக டிரைவிங் விளக்கு வாங்காதீர்கள். ஐம்பது மீட்டர் நேராகப் போனால் வளைவு வந்துவிடுகிற சாலையில் அதன் ஒளி பள்ளத்தாக்கு மரங்களின்மேல் விழுந்து வீணாகும். தேனி–மதுரை சாலையில் நேரான தூரம் உண்டு. ஆனால் இரவு முழுவதும் எதிரில் வண்டி வந்துகொண்டே இருப்பதால் அங்கும் போட முடியாது. ஆளரவமற்ற நீண்ட சாலைகளில் வாடிக்கையாக இரவில் ஓட்டுபவர்களுக்குத்தான் அது தேவை. மற்றவர்கள் அந்தப் பணத்தை நல்ல டயருக்குச் செலவிடலாம்.

கடையில் நிற்கும்போது

உங்கள் காரின் குறைந்த விலை மாடலில் மூடுபனி விளக்கு இல்லாமல், பம்பரில் அதற்கான இடம் மட்டும் மூடி போட்டு அடைத்திருக்கலாம். அப்படியென்றால் அதே காருக்கு நிறுவனமே தரும் விளக்குத் தொகுப்பைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதலாக இருந்தாலும் உயரம், கோணம், ஒயர் எல்லாம் அந்தக் காருக்கென்றே அளந்து செய்தவை.

வெளியில் வாங்குவதானால் அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் லூமன் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். எவ்வளவு வெளிச்சம் என்பதைவிட அது எங்கே விழுகிறது என்பதே முக்கியம். கடைக்காரரிடம் விளக்கை எரியவைத்துச் சுவரில் காட்டச் சொல்லுங்கள். சுவரில் அகலமான பட்டையும், அதன் மேல் ஓரத்தில் தெளிவான கோடும் தெரிந்தால் அது மூடுபனி விளக்கு. வட்டமாக ஓர் ஒளிப்பந்து தெரிந்தால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அது மூடுபனி விளக்கு இல்லை. விளக்கின் கண்ணாடியில் பொறித்திருக்கும் குறிகளையும் படியுங்கள். ஒரு வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளின்படி சோதித்த விளக்கு. அதனுடன் 'பி' அல்லது 'எஃப்3' என்று இருந்தால் முன்பக்க மூடுபனி விளக்கு, 'எச்ஆர்' என்றால் ஹாலஜன் தூர விளக்கு. போலிகளிலும் இந்தக் குறிகள் இருக்கலாம் என்பதால் சுவர்ச் சோதனையை விடவேண்டாம்.

மஞ்சளா வெள்ளையா என்ற கேள்வி எல்லோரும் கேட்பது. மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துப் போகும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். அது சரியில்லை. மூடுபனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. ஆகவே எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கின்றன. மேகம் வெள்ளையாகத் தெரிவதே அதனால்தான். ஆனாலும் நான் மஞ்சளையே பரிந்துரைப்பேன். நீலம் கலந்த வெள்ளை ஒளியில் கண் அதிகம் கூசும். மஞ்சளில் அந்த நீலம் இல்லாததால் நீண்ட நேரம் பார்த்தாலும் கண் களைக்காது. பிரான்சில் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை கார்களின் முகப்பு விளக்கே மஞ்சளாக இருக்கவேண்டும் என்று சட்டம் இருந்தது. ஒளியின் நிறத்தைக் கெல்வின் எண்ணால் சொல்வார்கள், எண் கூடக் கூட நீலம் ஏறும். ஹாலஜன் பல்பின் ஒளி சுமார் 3,200 கெல்வின், இயல்பாகவே இளமஞ்சள். கடைகளில் பளிச்சென்று தெரியும் எல்இடி விளக்குகளில் பல 6,000 கெல்வின், நீலச் சாயல் கொண்டவை. எல்இடி வாங்குவதானால் 3,000 கெல்வின் பக்கம் இருப்பதைக் கேளுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். ஹாலஜன் பல்புக்கென்று செய்த விளக்குக் கூட்டுக்குள் எல்இடி பல்பை மாட்டாதீர்கள். உள்ளே இருக்கும் பிரதிபலிப்புக் கிண்ணம் ஹாலஜனின் மெல்லிய இழை எந்தப் புள்ளியில் இருக்கும் என்று கணக்கிட்டு வளைத்தது. எல்இடியின் ஒளி வேறு வடிவத்தில் வேறு இடத்திலிருந்து வருவதால் அந்தக் கூர்மையான மேல் விளிம்பு அழிந்துவிடும். என் முதல் காரில் ஒரு கடையில் இப்படித்தான் மாற்றிக் கொடுத்தார்கள். போடியில் ஓட்டிப் பார்த்தபோது பட்டப்பகல்போல் இருந்தது. மேலே மேகத்துக்குள் போனதும் எதுவும் தெரியவில்லை. வளைவில் நின்றுவிட்டேன். தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த ஜீப் ஓட்டுநர் இறங்கி வந்து, "தம்பி, அந்த வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு டிம்மில் மட்டும் வாருங்கள். என் பின்னால் வாருங்கள்" என்றார். அணைத்தவுடன் சாலையோரக் கோடு கண்ணுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்துதான் நான் இதைப் படிக்கத் தொடங்கினேன்.

விளக்கின் மேல் ஐபி67 என்று இருந்தால் தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் இருந்தாலும் தாங்கும் என்று பொருள். பம்பரின் அடியில் மழைநீரை அள்ளிக்கொண்டு போகும் விளக்குக்கு இது வேண்டும்.

சட்டத்தைப் பற்றிச் சில வரிகள்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நிறுவனம் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 182ஏ பிரிவின்படி சட்டத்துக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111ஆம் விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் வண்டியின் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைப்பதைத் தடுக்கிறது. எல்லை தாண்டினால் கேரள மோட்டார் வாகனத் துறையினர் கூடுதல் விளக்குகளில் மிகக் கண்டிப்பாக இருக்கிறார்கள். கூரைமேல் நீளமான எல்இடி பட்டை, பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பியும் அதில் நான்கு விளக்கும் என்று போனால் நிறுத்துவார்கள். அந்த இரும்புக் கம்பியையே 2017 முதல் மத்திய அரசு தடுத்திருக்கிறது. நிறுவனம் தந்த இடத்தில், நிறுவனம் தந்த வகை விளக்கோடு நில்லுங்கள். வேறு ஏதாவது செய்ய நினைத்தால் வாங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பெறுங்கள்.

பொருத்துதல்

இதை ஆட்டோ எலக்ட்ரீசியன்தான் செய்யப்போகிறார் என்றாலும் நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்தால் அவரும் கவனமாகச் செய்வார்.

இடம்: தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 80 சென்டிமீட்டருக்கு மிகாமல், முகப்பு விளக்குக்குக் கீழே, இரண்டு ஓரங்களிலும் ஒரே உயரத்தில். ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழியை மறைக்கக்கூடாது. மலையேறும்போது இன்ஜினுக்கு அந்தக் காற்று முழுவதும் தேவை.

மின்சாரம்: 55 வாட் ஹாலஜன் இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ 9 ஆம்பியர். இந்த மின்னோட்டத்தை டாஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக நேரடியாகக் கொண்டுபோனால் ஸ்விட்ச் சூடாகி உருகும். ஏற்கனவே இருக்கும் முகப்பு விளக்கு ஒயரில் ஒட்டுப்போட்டால் அந்த ஒயர் உருகும். கட்டாயம் ரிலே வேண்டும், அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச். ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 30 என்ற முனைக்கு பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் ஒயர், 87லிருந்து விளக்குகளுக்கு. 85, 86 இரண்டும் ரிலேயை இயக்கும் சுருளுக்கு, அவற்றில் ஒன்று ஸ்விட்சுக்கும் மற்றது பாடி எர்த்துக்கும், அதாவது காரின் இரும்பு உடலுக்கும் போகும். பியூஸ் 15 ஆம்பியர், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும். பியூஸ் தள்ளி இருந்தால், பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில் ஒயர் உரசித் தோல் போகும்போது காப்பாற்ற ஒன்றும் இருக்காது. மலைச் சாலையின் அதிர்வில் ஒயர் உரசுவது சாதாரணம். எல்இடி விளக்கு மிகக் குறைந்த மின்சாரமே எடுக்கும் என்பதால் அதற்கு 5 அல்லது 7.5 ஆம்பியர் பியூஸ் போதும்.

விளக்குக்குப் போகும் ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமனாவது இருக்கட்டும். மெல்லிய ஒயரில் வோல்ட்டேஜ் வழியிலேயே குறைந்துவிடும். ஹாலஜன் விளக்குக்கு வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைகிறது. இன்ஜினை ஓடவிட்டு, விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரால் பேட்டரியிலும் விளக்கிலும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இணைப்பு எங்கோ சரியில்லை. பெரும்பாலும் எர்த்தில்தான் கோளாறு இருக்கும். பெயிண்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் திருகி, மேலே கிரீஸ் தடவவேண்டும்.

டிரைவிங் விளக்கு போட்டே தீரவேண்டியவர்களுக்கு ஒரு கட்டாயம்: அதன் ரிலேயை இயக்கும் மின்சாரம் பிரைட் விளக்கின் ஒயரிலிருந்து வரவேண்டும். அப்போதுதான் எதிரில் வண்டி வரும்போது டிம் செய்தவுடன் அதுவும் சேர்ந்து அணையும். தனி ஸ்விட்சில் விட்டால் ஒரு நாள் அணைக்க மறப்பீர்கள். அந்த ஒரு நாளில் எதிரில் வருகிறவர் பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கலாம்.

புதிய கார்களில் விளக்குகளைக் கணினி கண்காணிக்கிறது. ஒயரை வெட்டி ஒட்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும், வாரண்டியும் போகலாம். வெட்டாமல் செருகும் கப்ளர் வகை ஒயர்த் தொகுப்பையே கேளுங்கள்.

சுவரில் பார்த்துச் சரிசெய்தல்

நல்ல விளக்கு வாங்கி நன்றாகப் பொருத்தியவர்களும் இந்த வேலையைச் செய்வதில்லை. எனக்கு இதில்தான் மிகுந்த வருத்தம். பத்து நிமிடம் போதும், செலவு கிடையாது.

சமதளமான இடத்தில், வெள்ளைச் சுவருக்கு நேராகக் காரை நிறுத்துங்கள். விளக்கிலிருந்து சுவர் 7.6 மீட்டர், அதாவது 25 அடி தூரத்தில் இருக்கட்டும். டயரில் காற்று சரியாக இருக்கவேண்டும். வழக்கமாக எத்தனை பேர், எவ்வளவு சுமையோடு மலை ஏறுவீர்களோ அத்தனையும் காரில் இருக்கட்டும். பின்னால் இரண்டு மூட்டை ஏலக்காய் ஏற்றினால் காரின் மூக்கு மேலே தூக்கும், விளக்கும் சேர்ந்து தூக்கும். தரையிலிருந்து மூடுபனி விளக்கின் நடுப்புள்ளி எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. விளக்கைப் போட்டு, ஒளிப்பட்டையின் மேல் விளிம்பு அந்தக் கீழ்க்கோட்டில் படியும்வரை திருகைத் திருப்புங்கள். இரண்டு விளக்கையும் தனித்தனியாக, மற்றதைத் துணியால் மூடிவிட்டுப் பாருங்கள்.

முகப்பு விளக்கையும் அதே சுவரில் பார்த்துவிடுங்கள். பல கார்களில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண்கள் போட்ட சிறு சக்கரம் இருக்கும். காரில் சுமை கூடினால் எண்ணைக் கூட்டவேண்டும். கூட்டினால் ஒளி கீழே இறங்கும். அந்தச் சக்கரத்தை வருடக்கணக்கில் தொடாதவர்கள் உண்டு.

மேகத்துக்குள்

மேகம் தெரிய ஆரம்பித்தவுடன், உள்ளே போவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். டிம் விளக்கைப் போடுங்கள், பிறகு மூடுபனி விளக்கை. பகலாக இருந்தாலும் இப்படித்தான். முன்னால் பகல் விளக்கு (இன்ஜின் ஓடும்போது தானாக எரியும் டிஆர்எல்) எரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். பல கார்களில் பகல் விளக்கு எரியும்போது பின்பக்கம் ஒரு விளக்கும் எரியாது. நீங்கள் எல்லாம் எரிகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், பின்னால் வரும் பஸ்ஸுக்கு உங்கள் கார் இருப்பதே தெரியாது. இருட்டினால் தானாக எரியும் முகப்பு விளக்கையும் நம்பவேண்டாம். அது இருட்டை அறியும், பனியை அறியாது. மேகத்துக்குள் பகல் வெளிச்சம் போதுமான அளவு இருப்பதால் அணைந்தே கிடக்கும்.

பனி மிகக் கெட்டியாகி டிம் விளக்கே வெள்ளைச் சுவர் எழுப்பினால், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊரும்போது மட்டும், பார்க்கிங் விளக்கும் மூடுபனி விளக்கும் வைத்துப் பாருங்கள். சில கார்களில் அப்போதுதான் நன்றாகத் தெரியும். காலி இடம் ஒன்றில் இதை முன்பே சோதித்து வையுங்கள். கொஞ்சம் விலகியவுடன் டிம்முக்குத் திரும்பிவிடவேண்டும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டரில் கார் நொடிக்கு 11 மீட்டர் போகிறது. ஆபத்தைப் பார்த்து பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள் 17 மீட்டர் ஓடிவிடும். ஈரச் சாலையில் நிற்க இன்னும் 15 மீட்டராவது வேண்டும். மொத்தம் 32 மீட்டர், உங்கள் கார் எட்டு வரிசையாக நின்ற தூரம். அதே கணக்கில் 20 கிலோமீட்டர் வேகத்தில் 12 மீட்டரில் நின்றுவிடலாம். இறக்கத்தில் இன்னும் கூடும். மூடுபனி விளக்கு காட்டுவதே இருபது முப்பது மீட்டர்தான் என்பதை இதனுடன் சேர்த்துப் பாருங்கள். போடிமெட்டிலிருந்து மூணாறு வரை சாலையை அகலப்படுத்திய பிறகு ஓட்டுவது எளிதாகியிருக்கிறது. அந்த எளிமையில் பனிக்குள்ளும் வேகம் தானாக ஏறிவிடுகிறது. மீட்டரை அடிக்கடி பாருங்கள். பனியில் சுற்றிலும் எதுவும் நகர்வது தெரியாததால், நாம் மெதுவாகப் போவதாகவே உடம்பு நினைக்கும்.

கண்ணை இடது ஓர வெள்ளைக் கோட்டில் வையுங்கள். நடுக்கோட்டைப் பிடித்துப் போனால், எதிரில் அதே கோட்டைப் பிடித்து வருபவரோடு மோதவேண்டியிருக்கும். ஆனால் இடது ஓரத்தில் தோட்ட வேலைக்கு நடந்துபோகிறவர்கள் இருப்பார்கள், பழுதாகி நிற்கும் லாரி இருக்கும். ஆகவே கோட்டைப் பார்த்துக்கொண்டே அதற்கு ஒரு கை தள்ளிப் போங்கள். கொண்டை ஊசி வளைவில் மூடுபனி விளக்கின் அகலம் மிகவும் கைகொடுக்கும். முகப்பு விளக்கு நேரே பள்ளத்தைப் பார்க்கும்போது இது பக்கவாட்டில் வளைவின் உள் ஓரத்தைக் காட்டும். ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் ஹாரன் அடியுங்கள். பக்கக் கண்ணாடியை நான்கு விரல் இறக்கிவிட்டால் எதிர் ஹாரன் கேட்கும். பாட்டை நிறுத்திவிடுங்கள். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிடவேண்டும்.

நான்கு இண்டிகேட்டரையும் மினுக்கிக்கொண்டே ஓட்டுகிற பழக்கம் நம்மூரில் பரவிவிட்டது. தயவுசெய்து வேண்டாம். அது நின்றுவிட்ட வண்டிக்கான அடையாளம். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பின்னால் வருபவர் நீங்கள் நிற்கிறீர்கள் என்று நினைத்து, எதிர்ப்பக்கம் ஏறி முந்தப் பார்ப்பார்.

பின்பக்க மூடுபனி விளக்கு சில கார்களில் உண்டு. பெரும்பாலும் ஒன்றே ஒன்று, கண்ணைப் பறிக்கும் சிவப்பு. கெட்டியான பனியில், பின்னால் யாரும் தெரியாதபோது போடுங்கள். பின்னால் ஒரு வண்டியின் விளக்கு உங்கள் கண்ணாடியில் தெரிந்துவிட்டால் அவர் உங்களைப் பார்த்துவிட்டார், அணைத்துவிடுங்கள். எரியவிட்டால் அவருக்குக் கண் கூசும். நீங்கள் பிரேக் பிடிப்பதும் அந்தச் சிவப்பில் கலந்துவிடும்.

ஓட்டவே முடியவில்லையென்றால் சாலையில் நிறுத்தாதீர்கள். வளைவைத் தாண்டி, அகலமான இடம் வரும்வரை ஊர்ந்து போய், நான்கு சக்கரமும் தார்ச்சாலையை விட்டு இறங்கியபின் நிறுத்துங்கள். இப்போது இண்டிகேட்டர் நான்கையும் மினுக்கவிடலாம். முகப்பு விளக்கை அணைத்துவிடுங்கள். காரில் இருப்பவர்களைச் சாலை இல்லாத பக்கத்துக் கதவு வழியாக இறக்கி, தள்ளி நிற்கச் சொல்லுங்கள். போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் விடியற்காலையில் வரிசையாக ஏறும் சாலை இது. பாதையைக் கண்ணை மூடிக்கொண்டே அறிந்த ஓட்டுநர்கள் அவர்கள். ஆனால் வளைவில் நிற்கும் காரை அவர்களும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

மேகம் விலகியதும் மூடுபனி விளக்கை அணையுங்கள், முன்னும் பின்னும். ஈரச் சாலையில் தாழ்வான விளக்கின் ஒளி பட்டுத் தெறித்து எதிரில் வருபவர் கண்ணில்தான் விழும்.

பூப்பாறைக்கு மேலே ஆனையிறங்கல், சின்னக்கானல் பக்கம் இன்னொன்று இருக்கிறது. யானையின் தோல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. சாலையின் இருட்டான பகுதியைப்போலவே தெரியும். நட்சத்திரங்கள் தெரிகிற தெளிவான இரவிலும் அங்கே மெதுவாகவே போங்கள். நின்றுகொண்டிருப்பதைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்தி, டிம்முக்கு மாற்றுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், பிரைட்டை மினுக்காதீர்கள். அது கடந்துபோகும்வரை, பின்னால் வருபவர்களுக்குத் தெரியும்படி இண்டிகேட்டர் நான்கையும் போட்டுக் காத்திருங்கள்.